தாத்தாவின் ரங்கூன் வீட்டைத் தேடி வருவோருக்கு

ரங்கூனின் நடுநகரத்தில், கைபேசி பழுதுபார்ப்பும் ஒளிநகல் எடுப்பும் ஒரே மேசையில் நடக்கும் சிறிய கடை ஒன்றை நான் நடத்தி வருகிறேன். அங்கே தமிழ் பேசுகிற ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி எப்படியோ திருச்சி, காரைக்குடி, இராமநாதபுரம் வரைக்கும் பரவிவிட்டதால், தாத்தா வாழ்ந்த வீட்டைத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள், விடுதியில் பெட்டியை வைத்த கையோடு என் கடைக்கு வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. 2021 இராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு நேரில் வருகிறவர்கள் மிகவும் குறைந்துவிட்டார்கள். ஆனால், ‘இந்த முகவரி இப்போது எங்கே இருக்கிறது, பார்த்துச் சொல்ல முடியுமா?’ என்று கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் பழைய கடித உறைகளின் படங்கள் குறையவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் என் கட்டைவிரலுக்கும் ஓய்வு கிடைக்கும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்பதை அறியப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ரங்கூன் நகரத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். 1937 ஏப்ரல் 1-இல் தனியாகப் பிரிக்கப்படும் வரையில் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்ததால், மதராசில் கப்பலேறி ரங்கூனில் இறங்குவதை எவரும் வெளிநாட்டுப் பயணமாக நினைத்ததில்லை. 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது இலட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து நடந்தே இந்தியா போனார்கள். போகாமல் தங்கியவர்களிலும் போருக்குப் பின் திரும்பி வந்தவர்களிலும் பெரும்பகுதியினரை, கடைகளும் வணிக நிறுவனங்களும் 1964-இல் நாட்டுடைமை ஆக்கப்பட்ட பிறகு, கப்பல்கள் மறுபடியும் மதராசுக்கே கொண்டுபோய் இறக்கின. தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கும் பர்மா காலனிகளும், சென்னையின் பர்மா பஜாரும், அங்கே தள்ளுவண்டியில் விற்கும் அத்தோ என்ற நூடுல்ஸும் அந்தக் கப்பல்களில் வந்திறங்கியவைதாம். (அந்த அத்தோவை அதே நிறத்தில் அதே ருசியில் ரங்கூனில் தேடி ஏமாறாதீர்கள். அது சென்னைக்குப் போய்த் தனிப்பிறவி எடுத்துவிட்டது.)

வருகிறவர்களின் ஒரு கையில் தாத்தா எழுதிய கடிதத்தின் உறை இருக்கும். மறு கையில் விலையுயர்ந்த கைபேசி இருக்கும். நம்பிக்கை முழுவதும் கைபேசியின் மீதுதான். திருச்சியிலிருந்து வந்திருந்த தம்பி ஒருவர், உறையில் கண்ட ‘மொகல் தெரு’ என்ற பெயரைக் கைபேசி வரைபடத்தில் அடித்தார். அது அவரை இந்தியாவில் ஏதோ ஓர் ஊருக்குப் போகச் சொன்னதுடன் நில்லாமல், வண்டி ஓட்டிப்போக வழியும் போட்டுக் காட்டியது. அவர் அப்போது நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து உண்மையான மொகல் தெருவுக்கு நடந்து போனாலே ஐந்து நிமிடம்தான் ஆகும்.

மொகல் தெரு இன்று ஷ்வே பொன்தா தெரு. டல்ஹவுசி தெரு மகா பண்டுலா சாலை ஆயிற்று. ஃபிரேசர் தெரு அனோரத்தா சாலை ஆயிற்று. மாண்ட்கோமரி தெரு போஜோ ஆங் சான் சாலையாகவும், ஃபெய்ர் தெரு பன்சோடான் தெருவாகவும், ஸ்பார்க்ஸ் தெரு போ ஆங் ஜோ தெருவாகவும் மாறின. ஆற்றோரத்து ஸ்ட்ராண்டு சாலை பழைய பெயரிலேயே தப்பித்துக்கொண்டது. 1852-ஆம் ஆண்டுப் போருக்குப் பிறகு இந்த நகரத்தைச் சதுரங்கக் கட்டங்களாக வரைந்தவர்களில் ஃபிரேசர் என்ற பொறியாளரும் ஒருவர். அவர் போட்ட கட்டம் அப்படியே இருக்கிறது, அவருடைய பெயர்தான் காணாமற்போனது. ஊரை வரைந்தவருக்கே இந்தக் கதி என்றால் மளிகைக்கடை வைத்திருந்த தாத்தாவின் பெயரைச் சுவரில் தேடுவதில் பயனில்லை. ஆகவே புறப்படுவதற்கு முன்பே பழைய தெருப்பெயருக்கு நேரான புதிய பெயரைக் கேட்டு அறிந்து, இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். மொகல் தெரு என்று உறையில் இருந்தால், தாத்தாவுக்குச் செட்டியார் நிறுவனம் ஒன்றுடன் தொடர்பு இருந்திருக்குமா என்றும் வீட்டுப் பெரியவர்களை விசாரியுங்கள். 1930களின் பிற்பகுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தின் கால்பங்கைக் கையில் வைத்திருந்த வட்டிக்கடைகளில் பல அந்தத் தெருவில்தான் இயங்கின.

உங்கள் முகவரியில் பெயருக்குப் பதிலாக எண் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. நடுநகரத்தின் குறுகலான தெருக்கள் மேற்கிலிருந்து கிழக்காக எண்ணிடப்பட்டவை. இருபத்தொன்பதாம் தெருவை வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்று சொல்லி மாற்ற எவருக்கும் தோன்றாததால், தாத்தா காலத்து இருபத்தொன்பதாம் தெரு இன்றும் இருபத்தொன்பதாம் தெருதான். ஆனால் ஒரே தெருவைக் குறுக்குச் சாலைகள் வெட்டிக்கொண்டு போகும். ஆற்றுப் பக்கத்துத் துண்டைக் கீழ்ப் பிளாக் என்றும், அதற்கடுத்தவற்றை நடுப் பிளாக், மேல் பிளாக் என்றும் சொல்வார்கள். எந்தப் பிளாக் என்று தெரியாமல் கிளம்பினால் வெயிலில் தெரு முழுவதையும் அளக்க நேரிடும். உறையில் பிளாக் எழுதப்படாவிட்டாலும் பாட்டியின் நினைவில் அது வேறு உருவத்தில் ஒளிந்திருக்கும். “கப்பல் சங்கு நன்றாகக் கேட்கும்” என்று பாட்டி சொன்னால் கீழ்ப் பிளாக்காக இருக்கலாம். “காளி கோயிலுக்கு நடந்தே போய்விடுவோம்” என்றால் அனோரத்தா சாலையை ஒட்டிய பகுதியில் தொடங்குங்கள். 1871-இல் தமிழர்கள் கட்டிய ஸ்ரீ காளி கோயில் இடம் மாறாமல் அங்கேயே நிற்கிறது. தெருப்பெயரைக் காட்டிலும் கோயிலை நம்புவது நல்லது என்பது என் அனுபவம்.

சரியான தெருவில், சரியான பிளாக்கில், சரியான கதவுக்கு முன்னால் நின்றுகொண்டே வீட்டைத் தேடியவர்களையும் பார்த்திருக்கிறேன். காரணம், கதவிலக்கம் பர்மிய எண்களில் இருக்கும். பூஜ்யம் முழு வட்டம். ஒன்று, ஓரத்தில் வாய் திறந்த வட்டம். ஆறும் ஒன்பதும் ஒன்றையொன்று புரட்டிப் போட்டாற்போல இருக்கும் என்பதால், அந்த இரண்டில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். விமானத்தில் வரும் நேரத்தில் பத்து எண்களையும் மனப்பாடம் செய்துவிடலாம். பேருந்து எண்ணையும் கடை விலைப்பலகையையும் படிக்க அவை உதவும் என்பதால் அந்த உழைப்பு வீண்போகாது.

பர்மிய எழுத்தைக் கைபேசியில் படிக்கும் கதை தனி. இங்கே பல ஆண்டுகளாக ஸோஜி என்ற எழுத்துருவே எல்லோருடைய கைபேசியிலும் இருந்தது. அது, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையாகிய யூனிகோடு பர்மிய எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களைத் தன் விருப்பத்துக்குப் பயன்படுத்தியதோடு, மோன், ஷான், கரேன் மொழிகளின் எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களிலும் பர்மியத் துணைக்குறிகளைக் கொண்டுபோய் வைத்தது. ஒருவர் ஸோஜியில் அடித்ததை மற்றொருவர் யூனிகோடில் திறந்தால், சட்டையின் முதல் பொத்தானை இரண்டாம் துளையில் மாட்டியதைப் போல, எல்லாமே இருக்கும், எதுவும் பொருந்தாது. டிஸ்கி, டாப், பாமினி என்று தமிழ் எழுத்துருக்களுடன் மல்லுக்கட்டிய தலைமுறைக்கு இந்த வேதனையை நான் விளக்க வேண்டியதில்லை. 2019 அக்டோபர் 1-ஆம் நாளை யூனிகோடுக்கு மாறும் நாளாக அரசு அறிவித்தது. அந்த வாரத்தில் என் கடையில் திரை உடைந்த கைபேசியுடன் வந்தவர்களைவிட, திரை நன்றாக இருந்தும் படிக்க முடியவில்லை என்று வந்தவர்களே அதிகம். இன்னும் பழைய கைபேசிகளும் பழைய கோப்புகளும் புழக்கத்தில் இருப்பதால், பர்மிய மொழியில் உள்ள முகவரியை எழுத்தாக அனுப்பாமல், காகிதத்தில் எழுதச் சொல்லி அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்வதே பத்திரம். படத்துக்கு எழுத்துரு தேவைப்படாது.

இத்தனை சொல்வதால் நான் கைபேசிக்கு எதிரி என்று கருத வேண்டாம். அது எனக்குச் சோறு போடுகிறது. இந்த நாட்டில் 2000களில் ஒரு சிம் அட்டையின் விலை ஆயிரம் டாலருக்கு மேல். அது இருந்த வீட்டை மாடி வீட்டுக்கு நிகராக மதித்துப் பெண் கொடுத்தவர்கள் உண்டு என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். 2014-இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து 1,500 கியாட்டுக்கு, அதாவது ஒன்றரை டாலருக்கு, சிம் விற்கத் தொடங்கியபோது, பழைய சிம்மைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தவர்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பணம் பற்றிய ஒரு விளக்கமும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடித உறையுடன் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த நூறு கியாட் நோட்டுகளையும் சிலர் பயபக்தியுடன் எடுத்து வருகிறார்கள். அந்த நோட்டுகளும் ஐம்பது கியாட் நோட்டுகளும் 1964 மே மாதமே செல்லாதவை ஆகிவிட்டன. 1985-இல் மீண்டும் ஒருமுறை நோட்டுகளைச் செல்லாதவை ஆக்கி, எழுபத்தைந்து கியாட் நோட்டு என்ற ஒன்றை வெளியிட்டார்கள். அப்போது ஆட்சியின் பிடியைக் கையில் வைத்திருந்த நே வின்னுக்கு அந்தக் கணக்கில்தான் வயதாகியிருந்தது. 1987 செப்டம்பரில் எழுபத்தைந்து, முப்பத்தைந்து, இருபத்தைந்து கியாட் நோட்டுகளையும் ஒழித்துவிட்டு, அவருக்கு உகந்த எண்ணாகிய ஒன்பதால் வகுபடும் நாற்பத்தைந்து, தொண்ணூறு கியாட் நோட்டுகள் வந்தன. அந்தக் காலத்தில் கடைக்கு உப்பு வாங்கப்போன பிள்ளைகள் அனைவரும் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் புலிகள் ஆனார்கள். பழைய நோட்டுகளை வங்கிக்குக் கொண்டுபோகாமல் சட்டம் போட்டு மாட்டி வைப்பதே நல்லது. கையில் கொண்டுவரும் டாலரோ மடிப்பும் மையும் படாத புதுநோட்டாக இருக்க வேண்டும்; நடுவில் ஒரு மடிப்பு விழுந்திருந்தால் அதை வாங்க மறுப்பார்கள், அல்லது விலை குறைத்துக் கேட்பார்கள். அதே கடைக்காரர், நான்காகக் கிழிந்து ஒட்டுப்போட்ட கியாட் நோட்டை முகம் சுளிக்காமல் உங்களிடம் மிச்சமாகத் தருவார்.

சாலையைக் கடக்கும்போது கவனம் வேண்டும். 1970 டிசம்பரில் வண்டிகள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்டன. ஜோதிடர் சொன்னார் என்பது தேநீர்க்கடைக் கதை. வண்டிகள் பக்கம் மாறினவே தவிர, ஜப்பானிலிருந்து வந்து குவிந்த பழைய கார்களின் சக்கரம் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டதால், ஓட்டுநர் சாலையோரத்திலும் பயணி நடுச்சாலையிலும் அமர்ந்து போகும் காட்சியை இங்கே இன்றும் காணலாம். டாக்சியில் முன்னிருக்கையிலிருந்து இறங்கும்போது தமிழ்நாட்டு நினைவில் கதவைத் திறக்காதீர்கள்.

முகவரியைக் கண்டுபிடிப்பதில் இதுவரை என்னை ஏமாற்றாத ஒரே கருவி தேநீர்க்கடை. நடுநகரத்தில் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர், காலையில் பட்டாணியுடன் ரொட்டி தின்றுவிட்டு, மேசைமேல் இலவசமாக வைத்திருக்கும் பச்சைத்தேநீர் தீரும் வரையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் வீட்டு எண்ணைக் கேட்காதீர்கள், தொழிலைக் கேளுங்கள். ஆள் பெயரும் உதவாது. இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் அடையாள அட்டையில் பெரும்பாலும் பர்மியப் பெயர்தான் இருக்கும். முத்தையா என்று நீங்கள் தேடும் உறவினரைத் தெருவில் வேறு பெயரில்தான் அறிவார்கள். “கீழே பலசரக்குக் கடை, மேலே குடியிருப்பு, வாசலில் கிளிக்கூண்டு” என்று சொன்னால் போதும், பெரியவர் தலையைத் தூக்குவார். ஒரு எச்சரிக்கை: தேநீர்க்கடையில் பையனைக் கூப்பிட வாயைக் குவித்து முத்தமிடும் ஓசையை எழுப்புவார்கள். பக்கத்து மேசையிலிருந்து அந்த ஓசை வந்ததும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்துபோன அம்மாள் ஒருவரை நானே சமாதானப்படுத்தி அழைத்து வந்தேன்.

மேலே சொன்ன திருச்சித் தம்பிக்கும் தேநீர்க்கடையில்தான் வழி திறந்தது. உறையில் கண்ட மொகல் தெரு தாத்தா கணக்கு எழுதிய நிறுவனத்தின் முகவரி என்றும், குடியிருந்ததும் பிறகு சொந்தமாகக் கடை போட்டதும் எண்ணிட்ட தெரு ஒன்றில் என்றும் ஒரு பெரியவர் பிரித்துச் சொன்னார். அங்கே போகும் முன் தம்பியின் தோள்பையைத் திறந்து காட்டச் சொன்னேன். நான் எதிர்பார்த்தபடியே, பிளாஸ்டிக் உறைக்குள் வீட்டுப் பத்திரம் இருந்தது. அதை விடுதியில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். தலைமுறைக்கு மேலாக ஒரு வீட்டில் குடியிருப்பவர், வெளிநாட்டான் ஒருவன் முத்திரைத்தாளுடன் வாசலில் நிற்பதைக் கண்டால் கதவை மட்டுமன்றித் தெருவையே சாத்திவிடுவார். பத்திரத்துக்குப் பதிலாகப் பழம் வாங்கிக்கொள்ளுங்கள். “எங்கள் வீடு” என்று சொல்லாமல், “என் அத்தை சிறுவயதில் இங்கே விளையாடினாராம்” என்று தொடங்குங்கள். செருப்பை வாசலில் கழற்றுவது நம் வழக்கமும்தான் என்பதால் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் குடியிருப்பு நான்காவது மாடி. மின்தூக்கி இல்லை, மின்சாரமும் அன்றைக்கு இல்லை. ஆனால் ரங்கூன் நடுநகரத்தில் அழைப்புமணிக்கு மின்சாரம் தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு மாடியின் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். அதன் மேல்முனையில் ஒரு சிறு மணியும் கீழ்முனையில் காகிதம் செருகும் கிளிப்பும் இருக்கும். செய்தித்தாளும், மின்கட்டணச் சீட்டும், சில வேளைகளில் மதியச் சாப்பாடும் அந்தக் கயிற்றில்தான் ஏறும். வாசற்கதவின் சாவி அதில் இறங்கும். நாங்கள் இழுத்தோம், மேலே மணி ஒலித்தது, ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். நான் பர்மிய மொழியில் விவரம் சொன்னேன். சிறிது நேரம் எங்களை அளந்து பார்த்தபின், சாவி இறங்கியது.

உள்ளே போனதும் அந்த அம்மாள் முதலில் காட்டியது, மூலையில் துணிபோட்டு மூடி மேலே தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த ஓர் இரும்புப் பெட்டியை. அவருடைய மாமனார் குடிவந்த நாளிலிருந்தே அது அங்கேதான் இருக்கிறதாம். செங்குத்தான படிக்கட்டு வழியே அதை இறக்க ஆள் கிடைக்காததாலும், திறக்கச் சாவி இல்லாததாலும் அப்படியே விட்டுவிட்டார்களாம். “சாவி கொண்டுவந்தீர்களா?” என்று அவர் கேட்டபோது, பத்திரத்தை விடுதியில் வைத்துவிட்டு வந்தது எத்தனை நல்லதென்று தோன்றியது. தம்பியிடம் சாவியும் இல்லை, அதைப் பற்றிக் கேள்விப்பட்டதும் இல்லை. திருச்சியில் இருக்கும் அத்தைக்குக் காணொளி அழைப்பு போட்டோம். பத்து வயதில் கப்பலேறிய அவர், திரையில் இரும்புப் பெட்டியைக் கண்டதும், “அதில் ஒன்றும் இருக்காது தம்பி, அப்பா அதில் அரிசிதான் போட்டு வைப்பார், எலிக்குப் பயந்து” என்றார். வீட்டு அம்மாளின் முகத்தில் பல ஆண்டுக் கனவொன்று கலைந்ததை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இத்தகைய அழைப்புக்கு வீட்டிலுள்ள மிகமூத்தவரைத் தயாராக உட்கார வைத்துவிட்டு வாருங்கள். ரங்கூன் நேரம் இந்தியாவைவிட ஒரு மணிநேரம் முன்னால் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இங்கே காலை ஏழு மணிக்கு அழைத்தால் அங்கே பெரியவர்கள் பல் துலக்கக்கூட எழுந்திருக்க மாட்டார்கள். கைபேசியைத் திருப்பித் திருப்பிக் காட்டி, அத்தை சொன்னபடி சமையலறைக்குப் போனால், அவர் சொன்ன இடத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. பின்புற ஜன்னலைத் திறக்கச் சொன்னார், திறந்தோம். அவர் சொன்ன மாமரம் இல்லை, ஒரு கைபேசிக் கோபுரம் இருந்தது. அத்தைக்கு அதைப் பற்றி வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் அதற்குள் வீட்டு அம்மாளுடன் நேரடியாகப் பர்மிய மொழியில் பேசத் தொடங்கிவிட்டார். 1964-க்குப் பிறகு பேச ஆளில்லாத அந்தப் பர்மியத்தில், இப்போது எவரும் சொல்லாத மரியாதைச் சொற்கள் வந்து விழுந்தன. வீட்டு அம்மாள் தன் பாட்டியுடன் பேசுவதாக நினைத்தாரோ என்னவோ, தரையில் ஒருக்களித்து உட்கார்ந்து கைகூப்பிவிட்டார். பேச்சு நங்கப்பி என்ற மீன்விழுதின் விலைக்குத் தாவியது, பிறகு மருமகள்களுக்கு.

தம்பியும் நானும் பால்கனிக்கு வந்துவிட்டோம். அழைப்பு என் கைபேசியில் போடப்பட்டது என்பதை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். தரவு தீர்ந்து திரை உறைந்தபோது, அத்தை நங்கப்பியை எப்படிக் காற்றுப் புகாமல் கட்டிப் பொட்டலமாக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். வீட்டு அம்மாள் என்னை நோக்கிக் கையை நீட்டி, சீக்கிரம் பணம் போடும்படி சைகை காட்டினார். கயிற்றின் கிளிப்பில் ஐயாயிரம் கியாட் நோட்டைச் செருகி இறக்கி, தெருமுனைப் பெட்டிக்கடைப் பையனைக் கூவி அழைத்து, டாப்-அப் அட்டையை அதே கயிற்றில் ஏற்றி வாங்கினோம். ஆகவே கடைசியாக ஒன்று: அழைப்பைப் போடும் முன் உங்கள் கைபேசியில் தரவு நிறைய இருக்கட்டும், திரும்பிப் போகும் பெட்டியில் நங்கப்பிக்கும் இடம் விட்டு வையுங்கள், மூன்று உறைகளுக்குள் கட்டிய பிறகே.